அழகம்மாளைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி

வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துச் சிவப்பு மைப் பேனாவின் மூடியைக் கழற்றினேன். மேசைக்கு அந்தப் பக்கம் அழகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கதவு நிலையைப் பிடித்தபடி அவள் அம்மா. இடுப்பில் கைக்குழந்தை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. அம்மாவின் சேலை ஓரத்திலிருந்து, பூப்போட்ட சதுரக் கற்கள் பதித்த பூக்கல் தரையில் தண்ணீர் சொட்டியது. வகுப்பு முழுக்க ஈரத் துணி வாடையும் சிலேட்டுக்குச்சி வாடையும்.

"இவளுக்குப் படிப்பு ஏறாதுன்னு பெரிய சார் சொல்லிட்டாக. பேரை அடிச்சிருங்க டீச்சர். வீட்டுல கைப்பிள்ளையப் பாத்துக்கிட்டு நாலு ஆட்டையும் பத்திக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றார் அம்மா.

நான் மறுத்துப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு அப்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அழகம்மாள் முதல் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தவள். இரண்டாம் வகுப்பில் இது இரண்டாவது வருஷம். வகுப்பிலேயே உயரமான பிள்ளை, கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டாள்.

பேனாவை வைத்து ஒரு பெயரின் மேல் கோடு இழுக்கத் தொடங்கினேன். முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், அது எம்பேரு இல்ல. அது அழகுமீனா பேரு. எம்பேரு இங்குட்டு இருக்கு."

மேசைமேல் குனிந்து, தன் பக்கமாக ஒரு வரி தள்ளி விரலை வைத்தாள். அந்த வரியில் அழகம்மாள் என்று இருந்தது. நான் கோடு இழுக்கப் பார்த்தது அழகுமீனாள் பெயரில்.

நாலு வருஷமாக எழுத்தே தெரியாது என்று சொல்லப்பட்ட பிள்ளை. பதிவேடு என்னைப் பார்த்து விரிந்திருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து அது தலைகீழ்.

ஒரு வாசகர் கடிதம்

இதற்கு மேல் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் முன்னால் இந்தத் தொடரில் பள்ளிக்கூடத்து அடியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஒரு வாசகர் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார். வாத்தியாரின் பிரம்புதான் தன்னை ஆளாக்கியது, அந்தப் பிரம்பைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டிருக்கிறார்.

தகுதி இருக்கிறது ஐயா. நானும் பிரம்பு பிடித்தவள்.

பிரம்பைத் தாண்டி ஆளானவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறார்கள். பிரம்புக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவர்கள் எழுதுவதில்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது. அதனால் இத்தனை வருஷமாக ஒரே பக்கத்துச் சாட்சியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

குட்டும் உரிமை

நான் படித்தது காரைக்குடியில். கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். கெட்டிக்காரிக்கு எங்கள் பள்ளியில் ஒரு பரிசு உண்டு. வாத்தியார் கேள்வி கேட்பார். தெரியாத பிள்ளைகள் வரிசையாக நிற்கும். தெரிந்த பிள்ளை பதிலைச் சொல்லிவிட்டு, நிற்பவர்களின் மூக்கைப் பிடித்துத் தலையில் குட்டிக்கொண்டே போகலாம்.

எனக்கு அப்போது ஏழு வயது. மெல்லக் குட்டினால் வாத்தியார் என்னைக் குட்டுவார். ஆகவே வலிக்கவே குட்டினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி, என்னோடு தினமும் சேர்ந்து நடந்து வருகிறவள், அவள் மூக்கைப் பிடித்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த வருஷத்தோடு அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் ஒருநாளும் காரணம் கேட்கவில்லை.

இப்படி ஒரு பழக்கத்தை ஏழு வயதுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவர்களை யார் கேட்பது? அடுத்தவனுக்குத் தெரியாமலிருப்பதுதான் உனக்குச் சந்தோஷம் என்று பாலோடு ஊட்டினார்கள்.

ஐந்து தீமைகள்

பிறகு ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். அங்கே குழந்தை உளவியல் என்று ஒரு பாடம். நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லி, பாடம் எடுத்த அம்மையார் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். குழந்தையின் மனம் ஈரமான களிமண். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதம். கற்றலுக்கு அன்பு அடிப்படை. எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் எழுதிக்கொண்டோம்.

தண்டனையின் தீமைகள் ஐந்து. அதை மனப்பாடம் செய்துகொண்டு வரச் சொன்னார். மறுநாள் மூன்றுக்கு மேல் சொல்லத் தெரியாமல் நின்ற ஒன்பது பேரை உச்சி வெயிலில் கொடிக்கம்பத்தடியில் முட்டி போட வைத்தார். செம்மண் தரை கொதித்தது. ஐந்தையும் ஒப்பித்த நான் நிழலில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களில் ஒருத்திக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதே எங்களுக்குப் புரிந்திருக்கவில்லை.

அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண்.

முதல் வேலை

அறுபதுகளின் நடுவில், கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் வேலை கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், பள்ளிப் பெயரும் வேண்டாம். பர்மாவில் வியாபாரம் செய்த ஒரு செட்டியார் வீட்டின் முன்கட்டைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டிருந்தார்கள். தேக்குத் தூண், பளிங்கு மாதிரிச் சுவர், காலுக்குக் குளுகுளுவென்று பூக்கல் தரை. அந்தத் தரையில் சுற்றுவட்டாரத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

தலைமை ஆசிரியரைப் பெரிய சார் என்போம். தும்பைப்பூ வேட்டி, நெற்றி நிறைய விபூதி. முதல் வகுப்பு அவருடையது. நான் சேர்ந்த அன்றைக்கே சாக்பீஸ் டப்பாவோடு ஒரு பிரம்பையும் கொடுத்தார். "இது மேசையில இருந்தாப் போதும் டீச்சர். எடுக்கவே வேண்டியிருக்காது" என்றார். அந்த வாரமே எடுத்தேன்.

அழகம்மாளை நான் அடித்தது ஆடி மாதத்தில். கரும்பலகையில் ஒரு பாட்டை எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினால் வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. கடைசி வரிசையில் அழகம்மாள் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, தன் இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடை தரையில் புரண்டது.

வயதுக்கு வரப்போகிற பிள்ளை இப்படியா நிற்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளங்கையை நீட்டச் சொல்லி நாலு அடி. ஐந்தாவது அடிக்கு அவளே மற்றக் கையை நீட்டினாள். அதைத் திமிர் என்று நினைத்தேன்.

அவள் படிக்கத்தான் குனிந்தாள். அது எனக்குத் தெரிய கார்த்திகை வரை ஆனது.

தொட்டில் கயிறு

பதிவேட்டுக்கு வருகிறேன்.

தன் பெயரைக் காட்டிய பிள்ளையை, அதற்கு அடுத்த பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னாள். அதற்கு அடுத்தது? சொன்னாள். வரிசையாகப் பத்துப் பெயர் வந்தது. அம்மா குறுக்கிட்டு, தினமும் பேர் கூப்பிடுகிறதைக் கேட்டுக் கேட்டு மனசில் பதிந்திருக்கும் என்றார். நியாயமான சந்தேகம். எனக்கும் அதுதான் தோன்றியது.

மேசையில் அன்று காலை வந்த சுற்றறிக்கை ஒன்று கிடந்தது. அதை எடுத்து, படிக்க வசதியாக இருக்கட்டும் என்று அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அழகம்மாள் வாயை மூடிக்கொண்டாள். நாலு மாதமாக நான் பார்த்துப் பழகிய அதே ஊமை முகம்.

என்ன நினைத்தேனோ, தாளைத் திரும்ப என் பக்கமாகச் சுழற்றினேன். அவள் விரலை வலது ஓரத்தில் வைத்து இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே, மழை காரணமாக விளையாட்டுப் போட்டிகள் தள்ளி வைக்கப்படுகின்றன என்று படித்தாள். 'வைக்கப்படுகின்றன' என்ற சொல்லை மட்டும் இரண்டாக உடைத்துப் படித்தாள். என் வகுப்பில் வேறு ஒரு பிள்ளையால்கூட அதைப் படித்திருக்க முடியாது.

நாற்காலியை விட்டு எழுந்தேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

கேட்கக் கேட்கத்தான் வந்தது. அவளுக்கு சுப்பையா என்று ஓர் அண்ணன். ஐந்தாவது வரை படித்துவிட்டுக் காரைக்குடியில் ஒரு கடைக்குப் போய்விட்டவன். வீட்டில் ஒரே ஒரு ஜன்னல். அதன் வெளிச்சம் மடியில் விழும்படி அண்ணன் சுவரில் சாய்ந்து சத்தமாகப் படிப்பான், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து. எதிரே உத்திரத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில். அதன் கயிற்றை ஆட்டியபடி, நாலு வயது அழகம்மாள். ஒரு பிள்ளை தொட்டிலை விட்டு இறங்கினால் அடுத்த பிள்ளை ஏறும் வீடு அது. கயிற்றை விட்டுவிட்டு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார அவளுக்கு வழியில்லை. எதிரே இருந்தபடியே விரலைப் பார்த்தாள், சத்தத்தைக் கேட்டாள். பள்ளியில் சேரும் முன்பே வாசிக்கப் பழகிவிட்டாள். எல்லா எழுத்தும் தலைகீழாக.

பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் பெரிய சார் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். அவள் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் படிக்கத் தொடங்கினாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த நேர். பிள்ளைகள் சிரித்தன. நக்கலா பண்ணுகிறாய் என்று அவர் அடித்தார். மறுநாளும் திருப்பினாள், மறுநாளும் அடி. புத்தகத்தைத் திருப்பினால் அடி விழும் என்பது மட்டும் அந்தப் பிள்ளைக்குப் பாடமாக ஏறியது. அதன்பிறகு அவள் திருப்பவில்லை. எழுத்தெல்லாம் அவளுக்குப் பூச்சி பூச்சியாகத் தெரிந்தது. பலகையைத் திருப்ப முடியாது. ஆகவே ஒருநாள் தன்னைத் திருப்பிக்கொண்டு பார்த்தாள். அதற்கு நான் அடித்தேன்.

அம்மாவிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். அவர் என் முகத்தையும் மேசைமேலிருந்த பிரம்பையும் பார்த்தார்.

"அடிக்க மாட்டீகன்னா இருக்கட்டும். அன்னைக்கு இவ கை வீங்கி வந்துச்சு. மூணு நா பிள்ளையத் தூக்க முடியல" என்றார்.

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வயிற்றுவலிக்கு மருந்து கேட்கிறவர் மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

பெரிய சார்

பிள்ளையைக் கையோடு பெரிய சார் அறைக்கு அழைத்துப் போனேன். நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துத் தலைகீழாக வைத்தேன். அழகம்மாள் ஒரு பக்கத்தைத் தட்டுத் தடங்கலில்லாமல் படித்தாள். நான் ஏதோ புதையல் எடுத்துக் காட்டுகிறவள் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் என்னை முதலில் சுட்டது. பிள்ளையை வெளியே போகச் சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். முதல் வகுப்பிலேயே இந்த வேலை செய்தாள், அன்றைக்கே வெளுத்து நிறுத்திவிட்டேன், நீங்கள் மறுபடி கிளப்பாதீர்கள் என்றார். இது கழைக்கூத்தாடி வித்தையில் சேர்த்தி, படிப்பில் சேராது என்றார். பரீட்சைத் தாளை யாராவது தலைகீழாகக் கொடுப்பார்களா என்று கேட்டார்.

படிக்கத் தெரிந்த பிள்ளையை நாலு வருஷம் படிக்கத் தெரியாதவள் என்று எழுதியிருக்கிறோமே என்றேன்.

"டீச்சர், அந்த நாலு வருஷமும் நான் கையெழுத்துப் போட்டது. இப்பப் போயி தப்புன்னு என்னையவே எழுதச் சொல்றீகளா?"

இதுதான் விஷயம். ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது இரண்டாம் பட்சம். பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது, அதற்குக் கீழே யார் கையெழுத்து என்பதுதான் பள்ளிக்கூடம்.

எட்டுக் கல்

தலைகீழாகப் படிக்கும் பிள்ளையை நேராக்குவது எப்படி என்று நான் எழுதி வைத்திருந்த உளவியல் நோட்டில் ஒரு வரி இல்லை. ஆனாலும் பிரம்பைப் பீரோவுக்குப் பின்னால் போட்டேன். முதலில் அவளை அவள் வழியிலேயே படிக்க விட்டேன். மற்றப் பிள்ளைகள் ஒருநாள் சிரித்தன. இரண்டாம் நாள் தாங்களும் புத்தகத்தைத் தலைகீழாக வைத்து முயற்சி செய்தன. ஒன்றுக்கும் வரவில்லை. முதல் வரிசைக் கெட்டிக்காரப் பையன்களெல்லாம் எழுத்துக் கூட்டித் திணற, அழகம்மாள் எழுந்து போய் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து திருத்தினாள். அவள் சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய சார் வந்தார். வகுப்பு முழுக்கப் புத்தகம் தலைகீழ். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். சாயந்தரத்துக்குள் எனக்கு மெமோ வந்தது. வகுப்பில் ஒழுங்கீனத்தை வளர்த்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்.

விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, அழகம்மாளைத் தனியாக உட்கார வைத்தேன். புத்தகத்தைத் தரையில் வைத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பலாம் என்பது என் யோசனை. ஒரு தடவை திருப்பினேன். அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். புத்தகம் திரும்பினால் அடி விழும் என்று படிந்துபோன உடம்பு. பிறகு அவளாகவே ஒரு வழி சொன்னாள்.

"புத்தகத்தத் திருப்பாதீக டீச்சர். அது இருக்கட்டும். நான் சுத்தி வாரேன்."

ஒரு பூக்கல்லின் நடுவில் புத்தகத்தை வைத்தோம். இரண்டு கல் தள்ளி அவள் உட்கார்ந்தாள். அந்த இடத்திலிருந்து சரளமாக வந்ததும் பக்கத்துக் கல்லுக்கு நகர்ந்தாள். எதிர்ப்பக்கம் வந்து சேர எட்டுக் கல். முதல் மூன்றையும் ஒரே வாரத்தில் கடந்துவிட்டாள். நாலாவது கல்லில், புத்தகம் பக்கவாட்டில் தெரியும் இடத்தில், எல்லாம் குழம்பியது. ஒன்றை எழுத்தாகவும் அடுத்ததைக் கிறுக்கலாகவும் கண்டாள். இரண்டு கல் பின்னால் போனாள். மறுபடி வந்தாள். அழுதாள். நான் போதும் என்றபோது போதாது என்றாள். தை பிறப்பதற்கு முன்னால் எட்டாவது கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

எழுதுவது இன்னும் தாமதமாக வந்தது. சில எழுத்துகள் அவளுக்குக் கடைசிவரை கொஞ்சம் சாய்ந்தே விழுந்தன. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

தேர்ச்சிப் பட்டியல்

முழுப் பரீட்சையில் அழகம்மாள் தமிழில் வகுப்பிலேயே இரண்டாவது. கணக்கில் சுமார். நான் மூன்றாம் வகுப்புக்குத் தேர்ச்சி என்று எழுதிப் பட்டியலைப் பெரிய சாரிடம் வைத்தேன். எல்லாப் பெயருக்கும் நேராகக் கையெழுத்துப் போட்டவர், அந்த ஒரு பெயரிடம் நின்றார்.

வகுப்புக்கு இரண்டு வருஷம் எடுத்த பிள்ளை திடீரென்று தேறினால் மேலே கேட்பார்கள், காரணம் எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். நான் எழுத நினைத்த காரணம் வேறு. அவர் நிறுத்தி, தானே ஒரு வரி சொன்னார். மாணவி பிறவியிலேயே மந்த புத்தி உடையவள். ஆசிரியர்களின் விடாமுயற்சியால் இவ்வாண்டு ஓரளவு தேறினாள்.

நான் முடியாது என்றேன். அவர் பட்டியலை என் பக்கம் தள்ளினார். எழுதினால் மூன்றாம் வகுப்பு, எழுதாவிட்டால் அதே இரண்டாம் வகுப்பு, உங்கள் இஷ்டம் என்றார். இன்னொரு வருஷம் இரண்டாம் வகுப்பு என்றால் அம்மா பெயரை அடிக்க வந்து நிற்பார். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் சத்தம். பேனா என் கையில் இருந்தது. எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். பிள்ளைக்காகத்தானே செய்தோம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூனில் என்னை அதே நிர்வாகத்தின் இன்னொரு பள்ளிக்கு, நேமத்தான்பட்டிப் பக்கம் மாற்றினார்கள்.

மூன்று வருஷம் கழித்து

ஒரு நாள் மதியம், அந்தப் பள்ளியின் வாசலில் தாவணி போட்ட ஒரு பெண் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஐந்தாவது முடித்துவிட்டாள். பஸ் ஏறிப் போய் உயர்நிலைப் பள்ளியில் ஆறாவது சேர்ந்திருந்தாள். கையில் ஒரு தாளை நாலாக மடித்து வைத்திருந்தாள்.

உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பதற்கு, பழைய பள்ளி கொடுத்த ரெக்கார்டு ஷீட்டைப் பார்த்திருக்கிறார்கள். நான் எழுதிய வரி அதில் அப்படியே ஏறியிருந்தது. பிறவியிலேயே மந்த புத்தி. அவளைத் தேறாத பிள்ளைகளின் பிரிவில் போட்டார்கள். அந்தப் பிரிவுக்கு இங்கிலீஷ் ஆசிரியர் வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் உண்டு. காரணம் கேட்டதற்கு, உன் பழைய பள்ளியில்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் பழைய பள்ளிக்குப் போய்ப் பட்டியலையே கேட்டுப் பார்த்து, ஒரு தாளில் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

தாளைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். என் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தாள்.

"இதுக்குக் கீழ இருந்தது உங்க கையெழுத்துதானா டீச்சர்? நான் வேற யாரோன்னு நெனச்சேன்."

ஆமாம் என்றேன்.

அன்று அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை நிதானமாகக் கேட்டுக்கொண்டார். வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு நான் எதையும் மாற்ற முடியாது, எழுத்தில் கொடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். இந்த மாணவியைப் பற்றி நான் எழுதிய வரி பொய், பொய் என்று தெரிந்தே எழுதினேன், இவள் பள்ளியில் சேரும் முன்பே வாசிக்கத் தெரிந்தவள் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் படித்துவிட்டு, இதனால் உங்களுக்கு என்ன வரும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். வந்தது. ஒரு வருஷம் விசாரணை, விளக்கம், மறுபடி விளக்கம் என்று அலைந்தேன். பெரிய சாரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வரிக்குக் கீழே இருந்த கையெழுத்து என்னுடையது அல்லவா. அவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

அழகம்மாளை மறுநாளே வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். கல்யாணப் பேச்சை இரண்டு முறை தள்ளிப் போட்டு, எழுபதுகளின் நடுவில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள். கணக்கில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினாள். பிறகு நர்ஸ் பயிற்சிக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அதையெல்லாம் அவள்தான் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல மிஞ்சியிருப்பது அன்றைய சாயந்தரம் மட்டும்.

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். என் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. பிள்ளை ஒரு நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன்.

"அன்னைக்கே இதை எழுதியிருக்கலாம்ல டீச்சர்" என்றாள்.

பெரிய சார் என்ன சொன்னார், பட்டியலை எப்படித் தள்ளினார், எழுதாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் என்னை நேராகப் பார்த்தாள்.

"அவுகளப் பத்தி எனக்குத் தெரியும். அவுக அப்படித்தான். நீங்க எப்புடி எழுதுனீக?"

பஸ் வந்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் எனக்கும் இடம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் என்னையும் ஏறச் சொன்னார். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் அந்த அடுத்த பஸ்ஸிலேயே வருகிறேன் என்று கையைக் காட்டினேன். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வர எனக்கு அன்று முகம் இல்லை.